சாட்சி சொல்லும்போது பழைய பாவங்களை எந்த அளவுக்குச் சொல்லலாம்?

பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அடுத்த மாதம் எங்கள் சபையில் மூன்று நாள் கன்வென்ஷன் நடக்கப்போகிறது. கடைசி நாள் இரவு, செய்திக்கு முன்னால் என்னைச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், பத்து நிமிஷம். இதுவரை வீட்டு ஜெபக்கூட்டங்களில் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கிறேனே தவிர, மேடையேறிப் பேசியதில்லை.

நான் குடித்துக்கொண்டிருந்தவன். அது ஊருக்கே தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த வருஷங்களில் விஷயம் குடியோடு நின்றுவிடவில்லை. வேறு சில காரியங்களும் உண்டு, அவற்றில் ஒன்றில் இன்னொருவரும் சம்பந்தப்பட்டிருக்கிறார். என்ன ஏது என்று இங்கே எழுதப்போவதில்லை. கர்த்தரிடம் அறிக்கையிட்டாயிற்று, என் மனைவிக்கு எல்லாம் தெரியும், பாஸ்டருக்கும் தெரியும். அந்த இன்னொருவர் இப்போது குடும்பம், பிள்ளைகள் என்று இதே தாலுகாவில்தான் இருக்கிறார். கன்வென்ஷன் பந்தலில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் என்னோடு படித்தவர்கள், இல்லையென்றால் என் கடையில் சாமான் வாங்குகிறவர்கள்.

பாஸ்டர் சொல்வது இதுதான்: "பிரதர், மேலோட்டமாச் சொன்னா யாரையும் தொடாது. உள்ளதை உள்ளபடி திறந்து சொல்லுங்க, ஆவியானவர் கிரியை செய்வார்." அவர் நல்ல மனிதர், நான் விழுந்து கிடந்த நாட்களில் வீடு தேடி வந்தவர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினாலும் தங்கள் சாட்சியின் வசனத்தினாலும் அவனை ஜெயித்தார்கள் என்று வெளிப்படுத்தின விசேஷத்தில் இருக்கிறதே, நான் பாதியை மறைத்தால் அது என்னை இரட்சித்தவரைப் பற்றி வெட்கப்படுவதாகிவிடுமோ என்று ஒரு பயம். இன்னொரு பக்கம், என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், பாடகர் குழுவில் மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். போதாததற்குக் கூட்டம் முழுவதும் யூடியூபில் லைவாகப் போகும்.

மனைவியிடம் கேட்டேன். "நீங்க என்ன சொன்னாலும் நான் உங்க பக்கம்தான். ஆனா பையன் அதை முதல்ல வீட்ல உங்க வாயால கேக்கணும், மைக்ல இல்ல" என்றாள். அதற்கப்புறம்தான் தூக்கமே போய்விட்டது.

எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்? பொதுவாகச் சொன்னால் பொய்யாகிவிடுமா? மேடையில் சாட்சி சொல்லிப் பழகினவர்கள், கேட்டுப் பழகினவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.


ஓய்வுநாள்_டீச்சர் பதில்:

தம்பி, நீங்கள் கேள்வி கேட்ட விதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. அந்த இன்னொருவர் யார், என்ன நடந்தது, எந்த வருஷம் என்று எதுவுமே எங்களுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் மனதில் என்ன பாரம் என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. மேடையிலும் அந்த அளவு போதும்.

லூக்கா 15-ஐ இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தூர தேசத்தில் இளைய மகன் என்ன செய்தான் என்பதை ஆண்டவர் "துன்மார்க்கமாய் ஜீவனம்பண்ணி" என்று சொல்லி அப்படியே கடந்துபோகிறார். திரும்பி வந்தவனும் "தகப்பனே, பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன்" என்கிறான், அவ்வளவுதான். வேசிகள் என்ற பேச்சு அந்த அதிகாரத்தில் யார் வாயிலிருந்து வருகிறது? மூத்தவன் வாயிலிருந்து, தம்பி திரும்பி வந்த சந்தோஷத்தில் பங்கெடுக்க மனமில்லாமல் வெளியே நின்றவன் வாயிலிருந்து. அதற்காக அந்தக் கதையில் விவரமே இல்லை என்று சொல்ல முடியுமா? பன்றி மேய்த்தது இருக்கிறது, தவிட்டுக்கு ஆசைப்பட்ட பசி இருக்கிறது, அப்பா தூரத்திலேயே பார்த்து ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது, மோதிரம், பாதரட்சை, கொழுத்த கன்று எல்லாம் இருக்கிறது. எதை விரிக்க வேண்டும், எதைச் சுருக்க வேண்டும் என்று ஆண்டவரே காட்டியிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சமாரியப் பெண்ணும் அப்படித்தான். குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் போய் "நான் செய்த எல்லாவற்றையும் ஒரு மனுஷன் எனக்குச் சொன்னார், அவரை வந்து பாருங்கள்" என்றாள். தனக்கு இருந்த ஐந்து புருஷர்கள் யார் யார் என்று சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. ஊர் ஜனங்கள் எழுந்து கிணற்றடிக்கு வந்தார்கள்.

ஆனால் பவுல்? அவர் ஒளிக்கவில்லை, உண்மை. அப்போஸ்தலர் 22-லும் 26-லும் தன் வாயாலேயே, விசுவாசிகளைக் கட்டிச் சிறையில் போட்டேன், கொலைக்குச் சம்மதித்தேன், தூஷணம் சொல்லக் கட்டாயப்படுத்தினேன் என்கிறார். அது எருசலேமே அறிந்த காரியம். உங்கள் குடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தாராளமாகச் சொல்லலாம். அதிலும் கவனியுங்கள், பாதிக்கப்பட்டவர்களில் ஸ்தேவான் ஒருவர் பெயரைத்தான் சொல்கிறார், அதுவும் "உம்முடைய சாட்சி" என்று கனப்படுத்தி. சிறையில் போட்ட ஆண்கள் பெண்கள் எவர் பெயரும் அவர் பேச்சில் இல்லை.

எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் சாட்சி சொல்லப்போகிறவர்களை முதலில் தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், முன்னே எப்படி இருந்தேன் என்பதே மூன்று பக்கம் ஓடும், ஆண்டவரைச் சந்தித்தது நாலு வரி, இப்போது எப்படி இருக்கிறேன் என்பது "கர்த்தர் நல்லவர், ஆமென்" என்று முடிந்துவிடும். நான் அதைத் திருப்பி எழுதச் சொல்வேன். பழையதை ஒரு பத்தியில் அடக்குங்கள், எந்த நாள், எந்த வசனம், யார் வந்து ஜெபித்தார்கள், அடுத்த வாரம் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள், எத்தனை முறை சறுக்கினீர்கள், அதை நீட்டுங்கள் என்பேன். கேட்க வந்திருக்கிறவனுக்கு வேண்டியது அதுதான்.

இன்னொன்று, பெயர் சொல்லவில்லையே என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். "அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒருவர்" என்றால் போதாதா? பந்தலில் நாலாவது வரிசையில் இருக்கிறவர் விரலை மடக்கி எண்ணிக் கண்டுபிடித்துவிடுவார். வருஷம், தெரு, வேலை, உறவுமுறை, இவை எல்லாமே பெயர்தான். எழுதினதை வைத்துக்கொண்டு, அந்த இன்னொருவர் பந்தலில் வந்து உட்கார்ந்திருந்தால் கடைசிவரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க முடியுமா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். முடியாது என்று தோன்றுகிற வரியை அடித்துவிடுங்கள்.

உங்கள் மனைவி சொன்னது சரி. மேடைக்கு முன்னால் பிள்ளை.


மலைக்கோட்டைத்_தம்பி பதில்:

டீச்சர் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு இதில் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. நம் சபைகளில் ஆபத்து அதிகமாகச் சொல்வதில் மட்டும் இல்லை, ஒன்றுமே சொல்லாமல் இருப்பதிலும் இருக்கிறது. "நான் உலகப்பிரகாரமாக வாழ்ந்துகொண்டிருந்தேன்" என்கிறார்கள். சினிமா பார்த்ததா, வட்டிக்கு விட்டதா, மனைவியை அடித்ததா, எது? கேட்டுக்கொண்டிருக்கிற வாலிபனுக்கு ஒன்றும் விளங்காது.

நான் கல்லூரியில் படிக்கும்போது போனில் ஆபாசப் படங்களுக்கு அடிமையாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கிடார் வாசிப்பேன், இரவு அந்த வேலை. எனக்கு மட்டும்தான் இந்த வியாதி, என்னைப் போல ஒரு மாய்மாலக்காரன் உலகத்திலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாலிபர் முகாமில் ஒரு அண்ணன் எழுந்து, "நான் ஆறு வருஷம் ஆபாசப் படத்துக்கு அடிமையா இருந்தேன், ஊழியம் பண்ணிக்கிட்டே இருந்தேன்" என்று நேராகச் சொன்னார். எனக்குக் காது அடைத்துப்போனது. அன்றைக்கு ராத்திரியே அவரைத் தேடிப் போனேன். அவர் "உலகப்பிரகாரமாக" என்று சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். "தன் பாவங்களை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான்" என்று நீதிமொழிகள் 28:13-ல் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. எழுப்புதல் வந்த இடங்களைப் பாருங்கள், 1860-ல் அருளப்பன் ஐயா காலத்தில் நம் திருநெல்வேலிப் பக்கம், 1907-ல் கொரியாவின் பியாங்யாங்கில், ஜனங்கள் சபை நடுவே அழுது பாவத்தை அறிக்கையிட்டார்கள்.

ஆனால் எழுதும்போதே ஒன்று நினைவுக்கு வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அண்ணன் என்ன பார்த்தார், எங்கே பார்த்தார் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் போனை அவருடைய அப்பாவிடம் கொடுத்துவிடுவாராம், ஏன் என்று அப்பாவிடம் சொல்ல நேர்ந்த அந்த நாள் எப்படி இருந்தது என்பதை அவ்வளவு விவரமாகச் சொன்னார். நான் திரும்ப வந்து செய்ததும் அதைத்தான், அப்பாவுக்குப் பதில் என் அறைத்தோழன். அதனால் நான் கேட்பது இவ்வளவுதான்: பாவத்தின் பெயரைச் சொல்லுங்கள். அதைக்கூட விழுங்கிவிடாதீர்கள்.


ஓய்வுநாள்_டீச்சர் பதில்:

தம்பி, நீ சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. பாவத்தின் பெயர் வேறு, நடந்த காட்சி வேறு. பெயரைச் சொன்னால் அதே அடிமைத்தனத்தில் இருக்கிறவன் நிமிர்ந்து உட்காருவான், காட்சியைச் சொன்னால் அவன் மனம் அந்தக் காட்சியிலேயே போய் நின்றுவிடும்.

பியாங்யாங்கைச் சொன்னாய், நல்லது. அங்கே கில் சன்-ஜூ என்ற மூப்பர் எழுந்து அறிக்கையிட்டது எதை? இறந்துபோன நண்பர் ஒருவர் நம்பி ஒப்படைத்த சொத்தில் தான் கொஞ்சம் பணத்தை எடுத்துக்கொண்டதை. சொன்னதோடு விடாமல், அந்த விதவைக்குத் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னார். ஏமாற்றி வாங்கினதைத் திருப்பித் தருவதாக ஆண்டவரிடம் சொன்ன சகேயு மாதிரி. அந்த மாதிரி அறிக்கையால் பாதிக்கப்பட்டவருக்குக் கையில் ஏதோ வந்து சேருகிறது. எல்லாப் பாவத்துக்கும் அது பொருந்தாது. சிலவற்றை மேடையில் சொன்னால், சொன்னவருக்குப் பாரம் இறங்கும், வீட்டில் இருக்கிற யாரோ ஒருவர் தலையில் அது ஏறும்.


புதுவாழ்வு பதில்:

பொருநைக்கரை அண்ணா, நானும் குடியிலிருந்து வந்தவன். சபைக்கும் போகிறேன், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் போகிறேன், இரண்டாவதில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன், உங்களுக்கு உதவலாம்.

1935-ல் அமெரிக்காவில் அந்த இயக்கம் தொடங்கினபோதே இந்தக் கேள்வி அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் பன்னிரண்டு படிகளிலேயே பதில் இருக்கிறது. ஐந்தாவது படி: செய்த தவறுகள் இன்னதென்று கடவுளிடம், தன்னிடம், இன்னொரு மனிதரிடம் ஒப்புக்கொள்வது. இன்னொரு மனிதர், ஒரே ஒருவர், கூட்டம் அல்ல. எல்லா விவரமும் அங்கே வரவேண்டும், ஒன்றையும் மிச்சம் வைக்கக் கூடாது. ஒன்பதாவது படி: நாம் காயப்படுத்தினவர்களிடம் நேராகப் போய்ச் சரிசெய்வது, ஆனால் அப்படிச் செய்வது அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ கேடு விளைவிக்கும் என்றால் செய்யக் கூடாது. இந்த விதிவிலக்கு அந்தப் படியின் வாசகத்திலேயே சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் விஷயத்தில் அந்த இன்னொருவரை நினைத்து இதை நாலு முறை வாசியுங்கள். கூட்டத்தில் பேசும்போது மூன்றே கேள்வி: எப்படி இருந்தோம், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறோம். எப்படி இருந்தோம் என்பதைப் பொதுவாகச் சொன்னால் போதும் என்பதுதான் வழக்கம்.

ஏன் என்று என் கண்ணால் பார்த்தேன். ஒரு சபைக் கூட்டத்தில் சாட்சி சொன்ன ஒருவர், டாஸ்மாக்கில் என்ன வாங்குவார், எதைக் கலப்பார், தொட்டுக்கொள்ள என்ன, முதல் மிடறு இறங்கும்போது எப்படி இருக்கும் என்று ரசித்து ரசித்து சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பக்கத்தில் ஒரு பையன், குடியை விட்டுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான். கூட்டம் முடிவதற்குள் எழுந்து போய்விட்டான், எங்கே போனான் என்று எங்களுக்குத் தெரியும், இரண்டு பேர் பின்னாலேயே போய்க் கூட்டிக்கொண்டு வந்தோம். மேடையில் இருந்தவர் தன் விடுதலையைத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

தற்கொலைக்கு முயன்றதைச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சொல்லலாம், சாவின் விளிம்பிலிருந்து தேவன் இழுத்ததைச் சொல்லாமல் எப்படி இருப்பது. ஆனால் எந்த முறையில் என்று சொல்லவே கூடாது. பத்திரிகைகளுக்கே உலக சுகாதார நிறுவனம் அப்படித்தான் வழிகாட்டுகிறது. பந்தலில் எந்த மனநிலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்?

குடியைப் பற்றி நீங்கள் சொல்லும்போது, விட்ட பிறகு வந்த நாட்களைச் சொல்லுங்கள் அண்ணா. கை நடுங்கியது, தூக்கமில்லாதது, ஆஸ்பத்திரிக்குப் போனது எதுவாக இருந்தாலும். ஜெபித்தவுடனே ஒரே நாளில் ஆசையே போய்விட்டது என்று சாட்சி கேட்டுக் கேட்டு, அப்படி நடக்காதவர்கள் தங்களுக்கு விசுவாசம் இல்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பவும் குடிக்கப் போகிறார்கள். சிலருக்கு அப்படி நடக்கிறது, எனக்கு நடக்கவில்லை. இன்றைக்கும் நான் ஒவ்வொரு நாளாகத்தான் நிற்கிறேன், அதுவும் தேவகிருபைதான்.


அன்னாள்_ஜெபம் பதில்:

நான் சாட்சி சொன்னவரின் மனைவி. அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

என் கணவர் மனந்திரும்பினது உண்மை. எங்கள் வீட்டில் அவர் எல்லாவற்றையும் சொன்னார், நாங்கள் அழுதோம், மாதக்கணக்கில் பேசினோம், கர்த்தர் எங்களைத் திரும்பக் கட்டினார். அதன்பிறகு ஒரு குடும்ப ஆசீர்வாத முகாமில் அவரைப் பேச அழைத்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்ன பேசப்போகிறார் என்று என்னிடம் அவர் கேட்கவும் இல்லை, அழைத்தவர்களும் கேட்கவில்லை. எனக்கு அவர் செய்த துரோகத்தை முழுவதுமாகச் சொன்னார். எங்கள் கல்யாணமாகி எத்தனையாவது மாதம், நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம், எல்லாம். அல்லேலூயா என்று கூட்டம் கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா என் முழங்கையைப் பிடித்து, "நீங்க எப்படிம்மா மன்னிச்சீங்க?" என்று காதில் கேட்டார். நான் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். மதியம் பந்தியில் சாப்பாடு பரிமாறின பெண்ணுக்கும் தெரிந்திருந்தது.

அவர் தன் பாவத்தைத்தான் சொன்னார். ஆனால் அவமானப்பட்டது நான். அந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு, என் பிரசவம் என்னுடையது, அதை யாரிடம் சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை எனக்கும் இருந்திருக்க வேண்டும். நான் மன்னித்தது அவரை, அவர் மேடையில் எடுத்து வைப்பதற்கு அல்ல. இதைச் சொன்னபோது அவருக்கு உண்மையிலேயே புரிந்தது, இப்போது எங்கே பேசப் போனாலும் முந்தின நாள் என்னிடம் வாசித்துக் காட்டுகிறார். நான் வேண்டாம் என்றால் அந்த வரி இருக்காது.

அந்த வீடியோ மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. யூடியூபிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் வாட்ஸாப்பில் வெட்டி அனுப்பினதை யார் எடுப்பது? அழுகிற இடத்தை மட்டும் வெட்டி, மேலே பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு போட்டுப் போட்டிருந்தார்கள். என் மகளுக்கு வரன் பார்க்கும்போது அது யார் போனில் வந்து நிற்குமோ என்ற பயம் எனக்கு உண்டு. அதனால் அண்ணா, லைவ் வேண்டாம் என்று இப்போதே கேளுங்கள். ஒருமுறை போய்விட்டால் பிறகு யார் கையிலும் இல்லை.

உங்கள் மனைவி "உங்க பக்கம்தான்" என்று சொன்னதை, எல்லாவற்றையும் சொல்லச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக உட்கார்ந்து வரி வரியாகக் கேளுங்கள்.


கோட்டாறு பதில்:

நான் கத்தோலிக்கன், எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருப்பதால் இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் வரும். விவரங்களெல்லாம் சாமியார் ஒருவர் காதோடு முடிந்துவிட வேண்டும், அவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் கட்டளையிட்டபோதே, ரகசியத்தை வெளியிடுகிற குருவுக்குக் கடுமையான தண்டனையையும் சேர்த்தே சொன்னது. முழுவதையும் சொல்ல ஓர் இடம் இருந்தால், மேடையில் முழுவதையும் சொல்ல வேண்டும் என்ற தவிப்பு குறையும். உங்கள் சபைகளில் அதற்குச் சடங்கு இல்லாவிட்டாலும், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16 உங்களுக்கும் இருக்கிறது. உங்கள் பாஸ்டருக்கும் மனைவிக்கும் ஏற்கெனவே தெரியும் என்கிறீர்கள், அப்படியென்றால் நீங்கள் எதையும் மறைக்கவில்லை.

இன்னொன்று. கிறிஸ்தவர்கள் எழுதின பாவ அறிக்கைகளிலேயே பெரிய பெயர் புனித அகுஸ்தினாருடையது, கி.பி. 400-ஐ ஒட்டி, ஆயராக இருந்தபோது எழுதினார். சிறுவயதில் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடினதைப் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். தன் இச்சையையும் ஒளிக்கவில்லை. ஆனால் தன்னோடு பல வருஷம் வாழ்ந்து தனக்கு ஒரு மகனைப் பெற்றுக்கொடுத்த பெண்ணின் பெயரை அதில் எங்குமே சொல்லவில்லை. மகன் பெயர் இருக்கிறது, அந்தப் பெண்ணின் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதனால் அவருடைய அறிக்கை பொய்யென்று யாரும் சொன்னதில்லை.


கருப்புக்கோட்டு பதில்:

உங்கள் விஷயம் இது இல்லை என்று தெரிகிறது, இருந்தாலும் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். சாட்சியில் விவரம் சொல்லாமல் இருப்பது வேறு, குற்றத்தை மூடுவது வேறு. ஒரு குழந்தைக்குப் பாலியல் தீங்கு நடந்திருந்தால், "கர்த்தர் மன்னித்துவிட்டார், அன்பு திரளான பாவங்களை மூடும்" என்று சபைக்குள்ளே முடித்துக்கொள்ள முடியாது. 2012-ன் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, அது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், தெரிவிக்காமல் இருப்பது 21-ஆம் பிரிவில் தண்டனைக்குரியது. தெரிந்த போதகருக்கும் இது பொருந்தும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம். அதே சமயம், பாதிக்கப்பட்டவர் யார் என்று அடையாளம் தெரியும்படி மேடையிலோ வீடியோவிலோ வெளியிடுவதும் குற்றம்தான்.

பணம் ஏமாற்றியது, போலிப் பத்திரம் மாதிரி இன்னும் தீராத காரியங்கள் இருந்தால் முதலில் வக்கீலைப் பாருங்கள், திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். சாட்சி பிறகு.


பொருநைக்கரை பதில்:

எல்லாருக்கும் நன்றி. அன்னாள் சிஸ்டர் எழுதினதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தோம். இதுவரை வந்திருப்பது:

"நான் குடிகாரனாக இருந்தேன். வீட்டுக்காசைக் குடித்தேன், என் மனைவியின் நகையை அடகு வைத்துக் குடித்தேன். என்னை நம்பினவர்களுக்கு நான் உண்மையாக இருக்கவில்லை. அவர்களில் யாரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவர்களிடம் கேட்டிருக்கிறேன், அது எங்களுக்கும் தேவனுக்கும் தெரியும்."

மூன்றாவது வாக்கியத்தில் முதலில் வேறு ஒரு சொல் இருந்தது, பாவத்தின் பெயராகவே இருந்தது. மலைக்கோட்டைத் தம்பி சொன்னது சரி என்று தோன்றியதால் எழுதினேன். ஆனால் எங்கள் ஊரில் அந்த ஒரு சொல் போதும், யார் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். மனைவி அதை அடித்தாள். வெளியூரில், யாரும் என்னை அறியாத இடத்தில் வாலிபர்களிடம் பேச நேர்ந்தால் அந்தச் சொல்லைச் சொல்லலாம், இங்கே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

அப்புறம் மீதி எல்லாமே பாஸ்டர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்துதான். குடியை விட்டபோது ஆஸ்பத்திரியில் கிடந்தது, இரண்டு முறை திரும்பக் குடித்தது, அப்போதும் சங்கீதம் 51-ஐ விடாமல் வாசித்தது எல்லாம் இருக்கிறது. கடன் கொடுத்த மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போய், உங்கள் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுப்பா, வாங்கின கடனைத் திருப்பித் தர்றவன் ஊர்ல ஒருத்தனாவது இருக்கான்னு தெரியட்டும்" என்றார். அவர் இந்து, கன்வென்ஷனுக்கு வருவதாகவும் சொல்லியிருக்கிறார்.

மகனிடம் இந்தச் சனிக்கிழமை பேசப்போகிறேன், மனைவியும் கூட இருப்பாள். அவன் வயதுக்கு எந்த அளவு தெரிய வேண்டுமோ அந்த அளவு. அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், மேடையைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

பாஸ்டரிடம் எழுதினதைக் காட்டினேன். வாசித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் திறந்து சொல்லலாமே என்றுதான் முதலில் சொன்னார். அந்த இன்னொருவரின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று சொன்னேன். எங்கள் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. லைவ் விஷயம் இன்னும் முடிவாகவில்லை, கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். உங்கள் சபைகளில் சாட்சி நேரத்துக்கு மட்டும் லைவை நிறுத்தி வைக்கிற வழக்கம் இருந்தால், அதை யார் முடிவு செய்கிறார்கள், பந்தலில் தனியாக போனில் படம் பிடிக்கிறவர்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். புதன்கிழமை கமிட்டி கூடுகிறது, அதற்குள் கிடைத்தால் கையோடு கொண்டுபோவேன்.